சிறகுவிரல் பெற்ற ஊர்வன

முதுகெலும்புடைய உயிர்களுள், தம் தசை வலிமையால் சிறகசைத்து வானில் பறக்கும் பேறு பெற்றவை மூன்றே குலங்கள். பறவைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். வௌவால்களை அந்திப் பொழுதில் காண்கிறோம். மூன்றாவது குலத்தை மனிதர் எவரும் கண்ணாற் கண்டதில்லை. அது வானில் முதன்முதலாகச் சிறகு விரித்த குலம். ஏறக்குறைய 22 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழித்தோன்றல் ஒன்றுமின்றி மாய்ந்த குலம். டெரோசார் என்று அறிஞர் அதனை அழைப்பர். கிரேக்க மொழியில் ‘சிறகுடைய பல்லி’ என்பது அப்பெயரின் பொருள்.

கண்ணாற் காணாத ஓர் உயிரைப் பற்றி இத்துணை அறிந்தது எவ்வாறு? கல்லில் பதிந்த எலும்புகளே சான்று. ஆனால் எலும்பு தானாகப் பேசுவதில்லை. அதனைப் படிப்பவர் எந்த அளவுக்குப் படிக்க வல்லாரோ, அந்த அளவுக்கே அது பொருள் தரும். ஒரே கல்லைப் பார்த்து ஒருவர் பறவை என்றார். மற்றொருவர் வௌவால் என்றார். பிறிதொருவர் கடலில் நீந்தும் உயிர் என்றார். இக்கருத்துகள் ஒன்றையொன்று திருத்தி, உண்மை சிறிது சிறிதாகத் துலங்கிய இருநூற்றாண்டு வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம்.

மன்ஹைம் நகரத்துக் கல்

ஜெர்மானிய நாட்டின் பவேரியப் பகுதியில் ஐக்ஸ்டெட், சோல்ன்ஹோபன் என்னும் ஊர்களைச் சுற்றி நுண்ணிய சுண்ணாம்புக் கல் ஏடு ஏடாக அடுக்கப்பெற்றுக் கிடக்கிறது. வீட்டுத் தளத்திற்கும் கூரைக்கும் அக்கல்லை மக்கள் நெடுங்காலம் வெட்டியெடுத்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செனபெல்டர் என்பார் கல்லச்சு முறையைக் கண்டபின், உலகெங்கும் அச்சுக்கூடங்கள் நாடிய கல்லும் இதுவே ஆயிற்று. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடற்கழியாக இருந்தது. அதன் அடியில் மெல்லிய சேறு அமைதியாகப் படிந்தது. அதில் விழுந்த தும்பியின் இறக்கை நரம்புகள் கூட அழியாமல் நின்றன.

அக்கல்லில் கிடைத்த ஒரு விந்தை எலும்புக்கூடு மன்ஹைம் நகரில் ஆண்ட சிற்றரசரின் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையை அடைந்தது. அச்சாலையின் காப்பாளர் கொலீனி என்னும் இத்தாலியர். முன்னாளில் பிரெஞ்சுப் பேரறிஞர் வால்டேரிடம் செயலாளராகப் பணியாற்றியவர். அவர் 1784ஆம் ஆண்டில் அவ்வெலும்புக்கூட்டை வரைந்து விளக்கி வெளியிட்டார். நீண்ட மூக்கு, கூரிய சிறு பற்கள், வளைந்த கழுத்து, இவற்றோடு ஒவ்வொரு கையிலும் அளவுக்கு மீறி நீண்ட ஒரு விரல். இது பறவையும் அன்று, வௌவாலும் அன்று என்று கண்ட கொலீனி, கடல்வாழ் உயிர்களோடு புதைந்து கிடந்தமையால் இதுவும் கடலைச் சார்ந்ததாதல் வேண்டும் என்று எண்ணினார். அவர் காலத்திற்கு அது பொருந்தாத எண்ணமன்று. ஓர் உயிர்க்குலம் முழுவதும் உலகினின்றும் மறைந்துவிடக் கூடும் என்னும் கருத்தே அன்று நிலைபெறவில்லை.

படத்தைக் கண்டவரும் கல்லைக் கண்டவரும்

1800ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர் நகரத்துப் பேராசிரியர் ஹெர்மான், பாரிஸ் மாநகரில் இருந்த குவியே என்னும் இளம் அறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நீண்ட விரல் ஒரு சவ்வைத் தாங்கும் கம்பு என்றும், இவ்வுயிர் பறந்திருத்தல் வேண்டும் என்றும் உணர்ந்து, சிறகு விரித்த படமொன்றையும் வரைந்து அனுப்பினார். ஆயினும் அதனைப் பாலூட்டி என்றே அவர் கருதினார். குவியே பறத்தலை ஏற்றுக்கொண்டார். பாலூட்டி என்பதை ஏற்கவில்லை. ‘இது பறக்கும் ஊர்வன’ என்று 1801ஆம் ஆண்டில் அறிவித்தார். 1809ஆம் ஆண்டில் அதற்கு டெரோடாக்டைல் என்று பெயரிட்டார். ‘சிறகுவிரல்’ என்பது அதன் பொருள்.

குவியே அந்தக் கல்லை ஒருபோதும் பார்த்ததில்லை. கொலீனி வெளியிட்ட படத்தை மட்டுமே பார்த்தார். கல் அப்போது மன்ஹைமிலிருந்து மியூனிக் நகருக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே அதனை நேரில் வைத்து ஆராய்ந்த சோமரிங் என்னும் உடற்கூற்று அறிஞர், 1812ஆம் ஆண்டில், இது வௌவாலை ஒத்த பாலூட்டி என்று முடிவு கட்டினார். புளூமன்பாக் என்னும் பேரறிஞரோ நீர்ப்பறவை என்று கருதினார். 1830ஆம் ஆண்டில் வாக்லர் என்பார், நீண்ட கை நீந்துவதற்குரிய துடுப்பு என்று கூறி, பழைய கடற்கொள்கைக்கே திரும்பினார்.

கல்லைக் கையில் வைத்திருந்தவர் தவறினார். படத்தைப் பார்த்தவர் சரியாகக் கண்டார். இஃது எவ்வாறு நிகழ்ந்தது? சோமரிங் முழு உருவத்தின் சாயலை நோக்கினார். சவ்வுச் சிறகு என்றவுடன் வௌவால் நினைவுக்கு வந்தது. குவியேயோ உறுப்புகளைத் தனித்தனியே பிற உயிர்களின் உறுப்புகளோடு ஒப்பிட்டார். பாலூட்டிகளின் வாயில் வெட்டும் பல், கிழிக்கும் பல், அரைக்கும் பல் எனப் பல்வகை உண்டு. இங்கே எல்லாப் பற்களும் ஒரே வடிவான கூர்முனைகள். தாடை மண்டையோடு பொருந்தும் மூட்டும் பல்லி, முதலை ஆகியவற்றின் அமைப்பையே காட்டியது. சாயல் ஏமாற்றலாம், மூட்டும் பல்லும் ஏமாற்றா. ஒப்பிட்டு நோக்கும் இந்நெறியே, மாய்ந்துபோன உயிர்களைப் பற்றிய கல்விக்கு அடிப்படையாயிற்று.

மூவகைச் சிறகு

இவ்விடத்தில் இளைஞர்கள் தம் கையை விரித்துப் பார்த்தல் நலம். வௌவாலின் சிறகில், கட்டைவிரல் நீங்கலான நான்கு விரல்களும் குடைக்கம்பிகள் போல நீண்டு, இடையே சவ்வு பரந்துள்ளது. பறவையின் சிறகில் விரல்கள் குறுகி ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. இறகுகளே காற்றை ஏந்துகின்றன. டெரோசாரின் கையிலோ முதல் மூன்று விரல்களும் நகம் பெற்ற சிறு விரல்களாக நிற்க, நான்காவது விரல், அதாவது நம் மோதிர விரலுக்கு நேரானது, மட்டும் மிக நீண்டு வளர்ந்து, தன் நுனியிலிருந்து உடலின் பக்கம் வரை நீண்ட சவ்வு முழுவதையும் தாங்கியது. சுண்டு விரல் மறைந்தே போயிற்று.

ஒரே விரலில் தொங்கும் சவ்வு காற்றில் படபடத்துக் கிழியாதோ என்று நாம் ஐயுறலாம். 1882ஆம் ஆண்டில் சிட்டெல் என்னும் மியூனிக் அறிஞர், சிறகுச் சவ்வின் பதிவு மடிப்பு மடிப்பாகத் தெளிவுற நிற்கும் ஒரு சோல்ன்ஹோபன் படிவத்தை விளக்கினார். அத்தகைய படிவங்களை ஆராய்ந்தபோது, சவ்வினுள் நுண்ணிய இழைகள் வரிசையாக ஓடிச் சிறகை விறைப்பாக வைத்தன என்பது தெரிந்தது. வெறுந்தோல் என எண்ணப்பட்டது, நெய்தெடுத்த பாய் போன்ற நுண்ணமைப்பு உடையதாயிற்று.

கடற்கரை மங்கையும் கான்சஸ் சமவெளியும்

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர் உண்டு. தச்சர் ஒருவரின் மகளாகிய மேரி ஆனிங், அங்குள்ள கடற்பாறைகளில் தொல்லுயிர்ப் படிவங்களைத் தேடி விற்றுக் குடும்பத்தைக் காத்து வந்தார். 1828ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு டெரோசாரின் எலும்புகளைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டில் பக்லண்ட் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் அதனை விளக்கி உரைத்தார். இன்று டைமார்போடான் என்று வழங்குவது அதுவே. பக்லண்ட் தம் கட்டுரையில் மேரியின் பெயரைக் குறிப்பிட்டார் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் இலண்டன் நிலவியற் கழகம் அந்நாளில் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1847இல் மேரி மறைந்தார். 1919ஆம் ஆண்டில்தான் அக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது.

ஐரோப்பாவில் அதுகாறும் கிடைத்தவற்றுள் பல காக்கை, கழுகு ஆகியவற்றின் அளவினவே. 1870ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் மார்ஷ், கான்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிறகு விரலின் உடைந்த துண்டைக் கண்டார். அதன் பருமனைக் கொண்டு கணக்கிட்டபோது சிறகின் விரிவு ஏறக்குறைய 20 அடி வந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் அவ்விடம் சென்று மேலும் எலும்புகளைத் தேடியெடுத்தார்; கணக்கு சரியாகவே இருந்தது. பற்களே இல்லாத அவ்வுயிருக்கு 1876இல் டெரானடான் என்று பெயரிட்டார்.

அதன் பின்னும் ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1971ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்தின் பிக் பெண்டு என்னும் பகுதியில், டக்ளஸ் லாசன் என்னும் மாணவர் அதனினும் பெரிய சிறகெலும்புகளைக் கண்டார். 1975இல் குவெட்சல்கோட்லஸ் எனப் பெயர் பெற்ற அவ்வுயிரின் சிறகு விரிவு 10 மீட்டருக்குக் குறையாது என்பது இன்றைய மதிப்பீடு. தரையில் நின்றால் ஒட்டகச் சிவிங்கியோடு ஒப்பிடத்தக்க உயரம். இத்தகைய உடல் வானில் எழுந்ததற்கு எலும்பின் அமைப்பே பெருங்காரணம். பெரிய எலும்புகளிலும் சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும், உள்ளே வெற்றிடம். பறவைகளுக்கு இருப்பது போலவே நுரையீரலோடு தொடர்புடைய காற்றுப்பைகள் அந்த வெற்றிடத்துள் புகுந்திருந்தன.

அதே மென்மைதான் நமக்குக் கேடாயிற்று. வானில் உயிரைத் தாங்கிய எலும்பு, மண்ணில் தன்னைத் தாங்க இயலாது நொறுங்கிற்று. நமக்குக் கிடைத்துள்ளவை ஒரு பெருநூலிலிருந்து காற்றில் பறந்து வந்த சில ஏடுகளே எனலாம்.

உடல், நடை, முட்டை

ஊர்வன என்றவுடன் குளிர்ந்த குருதியும் செதிளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1831ஆம் ஆண்டிலேயே கோல்ட்பூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஒரு படிவத்தில் மயிர் போன்ற தடங்களைக் கண்டதாக எழுதினார். அதனைப் பலர் நம்பவில்லை. 1971இல் ஷரோவ் என்னும் ரஷ்ய அறிஞர், கசகஸ்தானின் கராதாவ் மலைப்பகுதியில் கிடைத்த, உடல் முழுதும் மென்மயிர் போர்த்த ஒரு டெரோசாரை உலகிற்கு அறிவித்தார். 140 ஆண்டுகளுக்குப் பின் கோல்ட்பூஸ் கூறியது வலுப்பெற்றது. உடலின் வெப்பத்தைக் காக்கும் போர்வை இருந்ததென்றால், காக்க வேண்டிய வெப்பமும் இருந்திருக்கும் அன்றோ? 2022ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுப் படிவம் ஒன்றில், இழைகளுள் சில இறகுகளைப் போலக் கிளைவிட்டிருந்தன என்று ஆய்வாளர் வெளியிட்டனர். இவை இறகுகளே என்பாரும் அல்ல என்பாரும் இன்று உளர்.

நடையைப் பற்றிய வழக்கு இன்னும் சுவையானது. 1957இல் அரிசோனா மாநிலத்துப் பாறையில் கண்ட நான்குகால் தடங்களை ஸ்டோக்ஸ் என்பார் டெரோசாரின் அடிச்சுவடுகள் என்றார். 1984இல் வேறு இருவர் அவை முதலையின் சுவடுகள் என்று வாதிட்டு, டெரோசார்கள் பறவைபோல் இருகாலில் நடந்தன என்றனர். பின்னர் 1990ஆம் ஆண்டுகளில், பிரான்சு நாட்டின் கிரேசாக் என்னுமிடத்தில் தொன்மையான கடற்கரைச் சேற்றுப்படுகை ஒன்று வெளிப்பட்டது. அதில் டெரோசார்கள் நான்கு கால்களாலும் நடந்த தடங்கள் ஏராளமாகப் பதிந்திருந்தன. கையின் மூன்று சிறு விரல்கள் மண்ணில் ஊன்றியிருந்தன. சிறகு விரல் மேலே மடக்கப்பட்டமையால் அதன் சுவடு இல்லை. தள்ளப்பட்ட கருத்து மீண்டும் அரியணை ஏறியது.

முட்டைகளின் செய்தி நெஞ்சைத் தொடுவது. இருநூறு ஆண்டுகளாக ஒரு முட்டையும் கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஒன்றிலேயே சீனத்தின் லியாவோனிங் மாநிலத்தில் இரண்டும் அர்ஜென்டினாவில் ஒன்றும் அறிவிக்கப்பட்டன. 2017இல், சீனத்தின் ஹாமிப் பகுதியில் இருநூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தமை வெளியாயிற்று. அவற்றுள் 16இல் கருக்குஞ்சின் எலும்புகளும் இருந்தன. கோழி முட்டை போன்று கெட்டியான ஓடன்று. பல்லி, பாம்பு ஆகியவற்றின் முட்டைபோல மென்மையான தோலோடு. குஞ்சின் தொடையெலும்பு வலுப்பெற்ற அளவுக்குச் சிறகெலும்பு வலுப்பெறவில்லை என்று கண்ட ஆய்வாளர், அவை பிறந்தவுடன் நடக்கும், பறக்கமாட்டா, ஆதலின் பெற்றோரின் பேணுதல் வேண்டியிருக்கும் என்றனர். 2019இல் வேறு இருவர், பிற படிவங்களையும் ஒப்பிட்டு, குஞ்சுகள் விரைவிலேயே பறக்க வல்லன என்று மறுத்தனர். தாய் காத்தாளா, தனியே விட்டாளா என்னும் வினாவுக்குக் கல் இன்னும் முழு விடை தரவில்லை.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுறுத்த விரும்புகிறோம். படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் டெரோசார்களை டைனசோர் என்றே பிள்ளைகள் கற்கின்றனர். அவை டைனசோர்கள் அல்ல. டைனசோர்களின் நெருங்கிய உறவினர். பறவைகளுக்கும் அவை முன்னோர் அல்ல. பறவைகள் டைனசோர்களின் ஒரு கிளையிலிருந்து தோன்றியவை. டெரோசார்களின் முன்னோர் யார் என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. கிடைத்தவற்றுள் மிகப் பழமையானவையும் முழுச்சிறகு பெற்றவையாகவே இருந்தன. லாகர்பெட்டிட் என்னும் சிறிய தரைவாழ் உயிர்களே அவற்றின் மிக நெருங்கிய சுற்றம் என்று 2020ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிற்று.

நாம் கடந்து செல்லும் பள்ளத்தாக்கு

வடபுலத்தில் வாழும் நம்மவர் பலர், கோடை விடுமுறைக்குச் சென்னை நோக்கி இரயிலேறும்போது, பல்லார்ஷாவைக் கடந்து வார்தா ஆற்றையும் பின்னர்க் கோதாவரியையும் தாண்டிச் செல்கின்றனர். அப்பாதைக்குக் கிழக்கே பிராணஹிதா என்னும் ஆறு தெற்கு நோக்கி ஓடிக் கோதாவரியில் கலக்கிறது. அதன் கரையிலுள்ள கோட்டா என்னும் சிற்றூரின் பெயரையே அங்குள்ள தொன்மையான சுண்ணப் பாறைத் தொகுதி தாங்கியுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அங்கு மீன்களின் படிவங்கள் கண்டறியப்பட்டன. பின்னர், கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அறிஞர்கள் அப்பள்ளத்தாக்கில் முனைந்து தேடி, பெருங்கால் டைனசோர் ஒன்றின் எலும்புகளை வெளிக்கொணர்ந்தனர். தாகூர் நூற்றாண்டை நினைந்து அதற்கு 1975இல் பாராபாசாரஸ் தாகோரை என்று பெயரிட்டனர்.

அதே கோட்டாப் பாறையில் கிடைத்த சில துண்டுகளைக் கொண்டு, 1974ஆம் ஆண்டில் எஸ். எல். ஜெயின் என்னும் அறிஞர், இந்தியாவின் டெரோசார் ஒன்றை அறிவித்தார். காம்பிலோநதாய்டீஸ் இண்டிகஸ் என்பது அவர் இட்ட பெயர். துண்டுகள் மிகச் சிறியன ஆதலின், அவை உண்மையில் டெரோசாருடையனவா என்று பிற்கால ஆய்வாளர் ஐயம் எழுப்பியுள்ளனர். அதே நிறுவனத்தில் பயின்று பின்னர் டெக்சஸ் சென்ற சங்கர் சட்டர்ஜி, டெம்ப்ளின் என்னும் விமானப் பொறியியல் வல்லுநரோடு இணைந்து, டெரோசார்கள் நின்ற நிலையையும் பறந்த முறையையும் கணக்கிட்டு 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆக, வானில் பறந்த அக்குலத்தைப் படித்தறிந்தவர் வரிசையில் நம் நாட்டவரும் உளர். ஆனால் நம் நிலத்தின் ஏடோ இன்னும் ஏறக்குறைய வெறுமையாகவே நிற்கிறது.

அவ்வேட்டை எழுதுவது எளிதன்று. மாவட்டத்துக்கு மாவட்டம் கல்லுடைக்கும் பணி நடைபெறுகிறது. சுண்ணாம்புப் பாறை சிமெண்டாக மாறுகிறது. பவேரியாவில் கல்வெட்டும் தொழிலாளி ஒருவர், தம் உளியில் அகப்பட்ட எலும்பைத் தூக்கி எறியாமல் ஒதுக்கி வைத்தமையால் அன்றோ கொலீனி அதனை வரைந்தார். குவியே அப்படத்தைப் படித்தார்? லைம் ரீஜிஸ் கடற்கரையில் ஒரு தச்சர் மகள் கூர்ந்து நோக்கினார்; டெக்சஸ் பாலையில் ஒரு மாணவர் குனிந்து பார்த்தார். பேரறிஞர் பின்னரே வந்தனர். நம் நாட்டுப் பாறைகளுக்கும் அத்தகைய கண்கள் வேண்டும்.

நம் குடியிருப்பில் வளரும் சிறுவர் சிறுமியர் பொறியியலும் மருத்துவமும் பயில்வது நன்றே. அவர்களுள் ஒருவரேனும் கல்லைப் படிக்கும் கல்வியை நாடுவாராயின், பெற்றோர் தடை சொல்லாது வாழ்த்தியனுப்புவாராக. 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் வானத்தை ஆண்ட ஒரு குலம் தன் வழித்தோன்றல்களை விட்டுச் செல்லவில்லை. ஒடிந்த விரலெலும்புகளையே விட்டுச் சென்றது. அவற்றைக் கண்டு, ஒப்பிட்டு, தவறினால் திருத்தி, மீண்டும் படிப்போர் உள்ளவரையே அதன் வரலாறு உலகில் வாழும்.